இளஞ்சிறார்க்கு எண்ணும் எழுத்தும் பயிற்றிய வரலாறு

நம் கருணீக மரபினர் தொண்டைநாட்டு ஊர்களில் தலைமுறை தலைமுறையாகக் கணக்கெழுதி வாழ்ந்தவர் என்பதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பூந்தமல்லி, திருமுல்லைவாயில், அம்பத்தூர், ஆவடி முதலிய ஊர்களில் இன்று வாழும் நம்மவருட் பலர்க்கு அத்தொழில் பாட்டனார் காலத்துக் கதையாகிவிட்டது. 1980-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு பரம்பரைக் கர்ணம், மணியம் முதலிய கிராமப் பதவிகளை ஒழித்தது. தேர்வின்வழி நியமிக்கப்பெறும் கிராம நிர்வாக அலுவலர் அவ்விடத்திற்கு வந்தனர். பதவி போனமை பற்றி வருந்திப் பேசுவார் இன்னும் உளர். அதுபற்றி எழுதுதல் எம் கருத்தன்று. அப்பதவி போவதற்கு நெடுநாள் முன்னரே நம் வீட்டுத் திண்ணையிலிருந்து வேறொன்று மெல்ல மெல்ல நீங்கிற்று; அதனைக் கவனித்தார் மிகச் சிலரே. ஐந்து வயதுக் குழந்தைக்கு எண்ணையும் எழுத்தையும் கையாலும் வாயாலும் செவியாலும் வீட்டாரே பழக்கும் வழக்கம் அது.

நம் சங்கக் கூட்டங்களிற் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் மிகுந்த மதிப்பெண் பெற்றோர்க்குப் பொன்னாடையும் பரிசும் வழங்குகின்றோம். நன்று. ஆனால் அம்மாணாக்கரின் தம்பி தங்கையர், முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் பயில்வோர், எந்நிலையில் உளர் என்று கேட்பார் இலர். ஒன்று முதல் நூறு வரை மூச்சுவிடாது ஒப்பிக்கும் குழந்தை, எதிரே குவித்துள்ள புளியங்கொட்டைகளிற் பதினேழு எடுத்துத் தா என்றால் திகைத்து நிற்கிறது. புத்தகத்தின் முதற் பாடத்தை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளை, அப்பாடத்து நடுவிலுள்ள ஒரு சொல்லைத் தனித்துக் காட்டினால் வாய் மூடிக்கொள்கிறது. ஏட்டுச் சுரைக்காய் என்னும் பழமொழிக்கு இதனினும் பொருத்தமான சான்று வேண்டா. இக்குறையை மாலைநேரத் தனிவகுப்புக்குப் பணம் கட்டித் தீர்த்துவிடலாம் என்று பெற்றோர் எண்ணுகின்றனர். நம் முன்னோர் எவ்வாறு தீர்த்தனர் என்பதனையும், அவர்தம் முறையில் எது கொள்ளத்தக்கது, எது தள்ளத்தக்கது என்பதனையும் ஈண்டு ஆராய்வோம்.

பழைய திண்ணைப் பள்ளியிற் குழந்தை முதலிற் கண்டது புத்தகத்தையன்று, மணலை. தரையிற் பரப்பிய மணலிற் சட்டாம்பிள்ளை ஓரெழுத்தை எழுதுவான். சட்டாம்பிள்ளையாவான் உபாத்தியாயரல்லன், முன்னரே கற்றுத் தேர்ந்த மூத்த மாணாக்கன். புதிதாக வந்த பிள்ளை அவ்வெழுத்தின் மேல் விரலை வைத்து ஓட்டி, அதன் பெயரை உரக்கச் சொல்லும். ஆனா, ஆவன்னா என்று வாய் சொல்லும்போதே விரல் அவ்வடிவத்தை அறியும். செவி அவ்வொலியைக் கேட்கும். பிழை நேர்ந்தால் மணலைத் தடவிவிட்டு மீண்டும் எழுதலாம். தாளும் வீணாவதில்லை, பிழையின் சுவடும் நிற்பதில்லை. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, உயிர்மெய் இருநூற்றுப் பதினாறு, ஆய்தம் ஒன்று ஆக 247 எழுத்துக்களும் இவ்வாறு கைவந்த பின்னரே பனையோலையும் எழுத்தாணியும் பிள்ளையின் கைக்கு வரும். ஓலையிற் கீறிய எழுத்துக் கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும்பொருட்டு மஞ்சளும் மையும் தடவித் தருவர். பள்ளி விடும்போது உபாத்தியாயர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயரோ, பறவையின் பெயரோ, ஊரின் பெயரோ சொல்லி அனுப்புவர். மறுநாட் காலையில் அதனை மறவாது வந்து சொல்லல் வேண்டும். பிள்ளை வழியெல்லாம் அதனை முணுமுணுத்துக்கொண்டே வீடு செல்லும். வீட்டாரும் இரவில் ஒருமுறை கேட்பர். பள்ளிக்கும் வீட்டிற்கும் இடையே ஒரு சொல் நாள்தோறும் இவ்வாறு போய்வந்தது.

இஃது எழுத்தின் செய்தி. எண்ணின் செய்தியோ இன்னும் சுவையுடையது. வள்ளுவரும் ஔவையாரும் இவ்விரண்டையும் கண்ணென்று சொன்னவிடத்து எண்ணையே முன்வைத்தனர். நம்மவர் அதற்குப் பெருமை கொள்வது இயல்பே.

அரிச்சுவடி முடிந்த பிள்ளை எண்சுவடி தொடங்கும். அதனுள் முழு எண்களின் பெருக்கலே யன்றிக் கீழ்வாயிலக்கப் பெருக்கலும் உண்டு. அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பாதிபாதியாகச் செல்லும் வரிசை ஒன்று. நாலுமா, இருமா, மா, காணி, முந்திரி என்று இறங்கும் வரிசை மற்றொன்று. மாகாணி பதினாறில் ஒன்று. மா இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. முக்காலை முக்காலாற் பெருக்கினால் அரையும் மாகாணியும் வரும் என்பதை, இக்காலத்தில் ஆறாம் வகுப்பிலும் தடுமாறும் அக்கணக்கை, அன்றைய ஒன்பது வயதுச் சிறுவன் வாயாற் சொன்னான். மாலையில் எல்லாப் பிள்ளைகளும் எழுந்து நிற்க, ஒருவன் முன்னே சொல்ல, மற்றையோர் பின்னே சொல்வர். இதற்கு முறை சொல்லுதல் என்று பெயர்.

இவையெல்லாம் வெறும் மனப்பாடந்தானே என்று இகழ்வாரும் உளர். மனப்பாடம் உண்மை, வெறும் என்பது உண்மையன்று. எண்சுவடியோடு நெல்லிலக்கம், பொன்னிலக்கம், குழிமாற்று என்பனவும் கற்பிக்கப்பட்டன. நெல்லிலக்கம் என்பது முகத்தலளவை: இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு; இரண்டு உழக்கு ஓர் உரி; இரண்டு உரி ஒரு நாழி; எட்டு நாழி ஒரு குறுணி; இரண்டு குறுணி ஒரு பதக்கு; இரண்டு பதக்கு ஒரு தூணி; முத்தூணி ஒரு கலம். பள்ளியில் இதனை ஓதிய சிறுவன் வீட்டிற்கு வந்தால், தாயார் அடுக்களையில் உழக்கைக் கையில் வைத்திருப்பார். களத்தில் தந்தையார் மரக்காலால் நெல் அளப்பார். ஒரு வீட்டிற்கு நாளொன்றுக்கு நாழியும் உரியும் அரிசி செலவானால் முப்பது நாளைக்கு எவ்வளவு என்று பாட்டியார் கேட்பார். நாற்பத்தைந்து நாழி, அஃதாவது தூணியும் குறுணியும் ஐந்து நாழியும். பிள்ளை சொல்லியது சரியா தவறா என்பதை உபாத்தியாயர் வந்து சொல்ல வேண்டுவதில்லை. குதிரிலுள்ள அரிசியே சொல்லிவிடும். குழிமாற்று நிலத்தை அளப்பதற்கு உதவிற்று. பொன்னிலக்கம் காசுக்கும் பொன்னுக்கும் உதவிற்று. ஓதியதனை உடனே கையாண்டு பார்க்க வீடு இடமாயிருந்தது. செந்தில்பாபு என்னும் ஆராய்ச்சியாளர் 2022-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலொன்றில் இத்திண்ணைப் பள்ளிக் கணக்கையும், கணக்கர் முதலியோர்தம் தொழிற் கணக்கையும் விரித்து ஆராய்ந்துள்ளார். நம்மவர் ஒவ்வொருவரும் அதனைப் படித்தல் நலம்.

நம் மரபில் உபாத்திமையும் கணக்கும் ஒருவரிடத்தே கூடியிருந்தமைக்கு வேறு சான்று தேட வேண்டா. 1823-இல் மருதூரில் அவதரித்த இராமலிங்க வள்ளலாரின் தந்தையார் இராமையா பிள்ளை ஊர்க்கணக்கரும் பிள்ளைகட்குக் கற்பித்தவருமாவார். அவர் மறைந்தபோது வள்ளலார் கைக்குழந்தை. தாயார் சின்னம்மையார் குழந்தைகளோடு தம் பிறந்தகமாகிய பொன்னேரிப் பக்கத்திற்கும், பின்னர்ச் சென்னைக்கும் வந்தனர். தமையனார் சபாபதி பிள்ளையே குடும்பத்தைத் தாங்கித் தம்பியின் கல்வியையும் ஏற்றுக்கொண்டார். தம்பி பள்ளிப் பாடத்திற்கு அடங்கவில்லை என்பது நாடறிந்த கதை; திருமுல்லைவாயிற் பெருமானையும் பாடிய அவ்வாய்க்குச் சட்டாம்பிள்ளை வேண்டியிருந்திலது போலும். மற்றையோர்க்கு வேண்டும்.

நிற்க. இத்திண்ணை முறை கடல்கடந்து சென்ற வரலாற்றை நம் இளைஞர் அறிதல் வேண்டும். நம் ஊர்களிலிருந்து பூந்தமல்லிச் சாலைவழியே கிழக்கு நோக்கிச் சென்றால் எழும்பூரை அடையலாம். அவ்வெழும்பூரில் 1789-இல் ஐரோப்பியப் போர்வீரரின் ஆதரவற்ற ஆண்மக்கட்கென ஓர் இல்லம் திறக்கப்பட்டது. 1787-இல் சென்னைக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஊதியம் பெறாது அதன் கண்காணிப்பாளரானார். ஆங்கில ஆசிரியர் கற்பித்தும் அச்சிறார்க்கு எழுத்து ஏறவில்லை. ஒருநாட் காலையில் பெல் குதிரைமீது செல்லும்போது ‘மலபார்’ப் பள்ளியொன்றைக் கண்டார். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரையும் மலபாரிகள் என்றே அழைத்தனர். பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டவர், தம் இல்லத்திலும் அவ்வாறே செய்க என்றார். ஆசிரியர்கள் அதனை இழிவாகக் கருதினர் போலும், உடன்பட்டிலர். பெல் ஏறத்தாழ எட்டு வயதுடைய ஜான் பிரிஸ்கன் என்னும் சிறுவனைக் கீழ்வகுப்பிற்கு ஆசிரியனாக்கினார். ஆசிரியரால் ஆகாதது அச்சிறுவனால் ஆயிற்று. பின்னர் இல்லம் முழுவதும் மூத்தோர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறைக்கு வந்தது. 1796-இல் தாயகம் திரும்பிய பெல், மறு ஆண்டில் இச்சோதனையை இலண்டனில் நூலாக வெளியிட்டார். அங்கே ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் அதனை யொத்த முறையைக் கையாண்டார். 1811-இல் நிறுவப்பட்ட தேசியக் கழகத்தின் வாயிலாக இம்முறை ஆயிரக்கணக்கான பள்ளிகளிற் பரவிற்று. ‘மதராஸ் முறை’ என்றே அதற்குப் பெயர். ஸ்காட்லாந்திலுள்ள செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பெல்லின் பொருள்கொண்டு நிறுவிய பள்ளி இன்றும் மதராஸ் கல்லூரி என்றே வழங்குகின்றது.

மணலை மட்டுமே தாம் கடன் வாங்கியதாகவும், மாணாக்கனையே ஆசிரியனாக்கியது தம் சொந்தக் கண்டுபிடிப்பென்றும் பெல் கருதினார். இதனை நாம் அப்படியே ஒப்புவதற்கில்லை. 1623-இல் கன்னட நாட்டில் யாத்திரை செய்த பியெத்ரோ தெல்லா வாலே என்னும் இத்தாலியர், ஆசிரியர் எவரும் இல்லாதவிடத்து நான்கு சிறுவர் கூடி, ஒருவரையொருவர் திருத்திக்கொண்டு, இசையோடு கணக்கை ஓதி மணலில் எழுதியதைத் தம் கடிதத்திற் குறித்துள்ளார். பெல்லாரி மாவட்டக் கலெக்டர் காம்ப்பெல் 1823-இல் எழுதிய அறிக்கையிலும், மூத்தோர் இளையோர்க்குக் கற்பித்துத் தம் அறிவையும் உறுதிசெய்துகொள்ளும் இந்நாட்டு முறையை இங்கிலாந்து பின்பற்றியது தகும் என்று பாராட்டினார். ஆயினும் ஒன்று: இங்கிலாந்திற் பின்பற்றியோர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் அடைத்து, ஓர் ஆசிரியருக்கு உரிய செலவில் எல்லாவற்றையும் முடிக்க முயன்றனர். பிள்ளை ஆசிரியர் கட்டளைகளை முழங்கும் கருவியாயினர். 1846 முதல் அங்கே அம்முறை வேறொன்றுக்கு இடங்கொடுக்கத் தொடங்கிற்று. மணலும் சட்டாம்பிள்ளையும் கப்பலேறின. உழக்கும் பாட்டியும் கப்பலேறவில்லை.

இனித் தள்ளத்தக்கதைச் சொல்லுவோம். அதே காம்ப்பெல், பிள்ளைகள் பொருளறியாது செய்யுட்களைக் கிளிபோல் ஓதினர் என்றும் எழுதியுள்ளார். அதனை மறைத்து முன்னதை மட்டும் மேற்கோள் காட்டுதல் நேர்மையன்று. பள்ளிக்கு முதலில் வந்த பிள்ளைக்கு மட்டும் அடியில்லை. பின்வந்தோர்க்கு வரிசைப்படி பிரம்படி. கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்னும் தண்டனையை நினைத்தாலே உடல் நடுங்கும்.

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. சென்னை மாகாணக் கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் தொடங்குவித்த கணக்கெடுப்பின் முடிவு 1826-இல் வெளியாயிற்று: பள்ளிகள் 12,498, மாணாக்கர் 1,88,650, மக்கள்தொகை 1,28,50,941. சென்னை நகரில் வீட்டிலேயே பயில்வோர் பள்ளியிற் பயில்வோரினும் ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று வந்த கணக்கை மன்றோவே முழுதும் நம்பவில்லை. எனினும் வீட்டுக் கல்வி மிகுந்திருந்தது என்பதில் ஐயமில்லை. தரம்பால் 1983-இல் இவ்வறிக்கைகளைத் தொகுத்து வெளியிட்டபோது, தமிழ் மாவட்டங்களில் மாணாக்கருட் பெரும்பாலோர் பிராமணரல்லாதார் என்பது பலர்க்கும் வியப்பளித்தது. அதனை நம்மவரும் மகிழ்ந்து எடுத்துரைக்கின்றனர். ஆனால் அக்கணக்கிற் பெண்மக்கள் மிகச் சிலரே. சேரிப் பிள்ளைகட்கு ஊர்த்திண்ணையில் இடமில்லை. எண்ணும் எழுத்தும் அறிந்த கணக்கர் வீடு ஊரில் ஒன்றோ இரண்டோ. உழுதவன் தன் நிலத்தின் தீர்வை யாதென்று நம் வாயாற் கேட்டே அறிந்தான். அவ்வறியாமையால் நம் வீடுகள் பெற்ற மதிப்பும் சிறிதன்று. நம் சகோதரிகட்கும் அந்த எண்சுவடியை நாம் கொடுத்திலோம். அடுக்களையில் அளந்தவர் அவர். சுவடியில் எழுதியவர் நாம். திண்ணையின் பெருமை பேசுவோர் அத்திண்ணைக்குப் படி எத்தனை, யார் யார் ஏறினர் என்பதையும் சேர்த்தே பேசல் வேண்டும்.

திண்ணைப் பள்ளி மறைந்த வகையைச் சுருங்கச் சொல்லுவோம். 1854-இல் சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை வந்தது. 1860-களில் அரசாங்க மானியம் தேர்வின் பயனுக்கேற்ப வழங்கப்படலாயிற்று. மானியம் வேண்டிய உபாத்தியாயர் அச்சிட்ட புத்தகத்தையும் இன்ஸ்பெக்டரின் தேர்வையும் நோக்கினர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் வெளியிட்ட பாலபாடங்கள் போன்ற நல்ல அச்சு நூல்கள் தோன்றியது பேருதவியே. ஆயின் எண்சுவடி பழையதென ஒதுக்கப்பட்டது. 1957 ஏப்ரல் முதல் நாள் தசமக் காசு வந்தது. ரூபாயின் மாகாணியாகிய அணா மறைந்தது. அதனையடுத்துக் கிலோவும் லிட்டரும் வந்தன. இம்மாற்றம் வேண்டியதே, யாம் குறை கூறவில்லை. ஆனால் பாட்டியார் அறிந்த கணக்கும் பேரன் கற்கும் கணக்கும் வேறுவேறாயின. பேரன் ஐயமுற்றால் பாட்டியாரிடம் செல்வதில்லை. பாட்டியாரும் தமக்கு ஒன்றும் தெரியாது என்று ஒதுங்கிக்கொண்டார். ஒரு தலைமுறையின் நாணமே வீட்டுக் கல்வியின் வாயிலை அடைத்தது என்பது எம் துணிபு.

வீட்டிற் கற்பித்தல் என்றவுடன் சிலர்க்கு 1953-ஆம் ஆண்டு நினைவுக்கு வரும். இராஜாஜி ஆட்சியில் பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, எஞ்சிய நேரத்திற் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகுக என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வி என்று நாடு கொதித்தெழுந்தது. 1954-இல் காமராசர் ஆட்சி அதனைக் கைவிட்டது. கைவிட்டது முற்றும் சரியே. கணக்கர் மகன் கணக்கும், உழவர் மகன் உழவும் பழகுக என்பதன்று யாம் வேண்டுவது. எவர் வீட்டுப் பிள்ளையாயினும் எட்டு வயதுக்குள் படிக்கவும் எண்ணவும் வல்லதாதற்கு வீடு பள்ளிக்குத் துணைநிற்க வேண்டும் என்பதே வேண்டுவது. இரண்டும் ஒன்றல்ல.

பழைய வழியின் நல்ல கூறுகள் வேறு வேறு பெயரால் மீண்டு வந்துகொண்டே யிருக்கின்றன. உரோமை நகரில் 1907-இல் குழந்தைகள் இல்லம் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், மணற்றாளில் வெட்டிய எழுத்துக்களைக் குழந்தைகள் விரலாற் தடவிக் கற்கச் செய்தார். 1939-இல் அவரே சென்னை அடையாற்றிற்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சியளித்தார். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் பதின்மூன்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, 2007-08-இல் மாநிலமெங்கும் பரவிற்று. அட்டைகளைக் கொண்டு பிள்ளை தன் வேகத்திற்கேற்ப ஏணிப்படிகளில் ஏறும் முறை அது. கொள்ளைநோயால் பள்ளிகள் நெடுங்காலம் மூடிக்கிடந்த பின்னர், 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கப்பட்டது. தெருவிலுள்ள தன்னார்வலர், பெரும்பாலும் பெண்மணிகள், மாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தனர். பொருளியல் அறிஞர் மூவர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 சிறாரைச் சோதித்து ஆராய்ந்தனர். இழந்த கல்வியில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு திங்களில் மீண்டது என்றும், மீண்டதில் 24 விழுக்காடு இம்மாலை வகுப்புக்களின் பயன் என்றும் அவர் கண்டனர். நம் எண்சுவடி மொழியிற் சொன்னால் காலுக்குச் சற்றே குறைவு. சம்பளம் பெறும் பெரிய ஆசிரியரல்லாத ஓர் அண்டைவீட்டுப் பெண்மணியால் இவ்வளவு ஆயிற்று என்பது சிறிய செய்தியன்று.

நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் 2022 ஜூன் 13-ஆம் நாள் எண்ணும் எழுத்தும் என்னும் இயக்கம் முதலமைச்சர் மு. க. ஸ்டாலினாற் தொடங்கப்பட்டது. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பிழையின்றிப் படிக்கவும் அடிப்படைக் கணக்குச் செய்யவும் வேண்டும் என்பது அதன் குறிக்கோள். முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை வயதுகொண்டு பிரியாது, அரும்பு, மொட்டு, மலர் என அவர்தம் தேர்ச்சிகொண்டு பிரித்துக் கற்பிப்பது அதன் வழி. பெயரையே பாருங்கள், நம் முன்னோர் சுவடியிலிருந்து எடுத்தது போலிருக்கிறது. அரசுப் பள்ளியில் தம் பிள்ளையைச் சேர்ப்பதே குறைவென்று கருதும் நம்மவர், ஆயிரக்கணக்கிற் கட்டணம் வாங்கும் பள்ளிகளில் ஐந்து வயதுப் பிள்ளை வீட்டுப்பாடத்தை எழுதியெழுதிக் கைநோவதையும், மூன்று பக்கம் எழுதிய சொல்லைப் படிக்கமாட்டாது விழிப்பதையும் ஒப்பிட்டுப் பார்ப்பாராக.

இந்நிலையில் நம் வீடுகள் செய்யக்கூடியது பெரிதன்று. படியும் அரைப்படியும் உழக்கும் இன்னும் பல வீடுகளில் உள. இல்லையேல் ஒரு லிட்டர், அரை லிட்டர், கால் லிட்டர் அளவைகள் போதும். சோற்றுக்கு அரிசி எடுக்கும்போது பிள்ளையையே அளக்கச் சொல்லலாம். எத்தனை பேர், எத்தனை தட்டு, ஒருவர் கூடினால் எத்தனை என்று கேட்கலாம். பல்லாங்குழியும் தாயமும் கணக்குப் புத்தகங்களே. பாட்டியார் நாணாது பேரனோடு ஆடுவாராக. பேருந்தின் பலகையிலுள்ள அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்னும் பெயர்களைப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கும்வரை பொறுத்திருக்கலாம்; நாமே முந்திச் சொல்லாதிருத்தல் வேண்டும். விஜயதசமியன்று அரிசியிற் குழந்தையின் விரல்பிடித்து எழுதுவிக்கின்றோம். அவ்வொரு நாளோடு நிறுத்துவானேன்? ஒரு தட்டில் மணலோ ரவையோ பரப்பி, நாள்தோறும் கால்மணி நேரம் அண்ணனோ அக்காளோ இளையதற்கு எழுதிக் காட்டட்டும். கற்பிக்கும் மூத்த பிள்ளைக்கும் அதனாற் பயனுண்டு என்று காம்ப்பெல் இருநூறு ஆண்டுகட்கு முன்னரே கண்டார்.

நம் சங்கத்தார்க்கும் ஒரு விண்ணப்பம். சங்கத்திற்குக் கட்டிடமுள்ள ஊர்களில் மாலை ஆறு முதல் ஏழு வரை அதன் கூடம் பெரும்பாலும் பூட்டியே கிடக்கின்றது. அவ்வொரு மணி நேரத்தை ஐந்து முதல் எட்டு வயதுச் சிறார்க்கு விடுக. பரிசு பெற்ற பன்னிரண்டாம் வகுப்பு மாணாக்கியர் வாரத்திற்கு இரண்டு நாள் சட்டாம்பிள்ளையாக வருக, பிரம்பு வேண்டா. வேண்டுவன நான்கு மணல்தட்டும், ஒரு சாக்குப் புளியங்கொட்டையும், அளவைகள் சிலவும், படமுள்ள சிறு கதைப்புத்தகங்கள் ஐம்பதும். செலவு ஒரு பொன்னாடை விழாவின் செலவினும் குறைவாகும். வருகின்ற பிள்ளை எந்தத் தெருவினது, எந்தக் குலத்தினது என்று வாயிலில் எவரும் வினவலாகாது. இதனை அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாகக் கொணர விரும்பும் அன்பர்கள் தம் ஊரின் பெயரையும், கூடம் எந்நாட்களில் ஒழிவாயுள்ளது என்பதையும் எழுதிச் செயலாளர்க்கு முன்கூட்டியே அனுப்புவாராக.